'கெட்' என்னும் ஆங்கில வினைச்சொல்: ஒரே சொல்லா, பல சொற்களா?

நாணல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தின் 'கெட்' என்னும் வினைக்கு நம் பாடநூல்களும் கையகராதிகளும் 'பெறு' என்ற ஒரே பொருளைத் தந்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன. 'கெட் எ லெட்டர்' என்றால் கடிதம் பெறுதல். அதுவரை சிக்கல் இல்லை. ஆனால் 'கெட் வெட்' என்றால் நனைதல், 'கெட் ஹோம்' என்றால் வீடு போய்ச் சேர்தல், 'கெட் த ஜோக்' என்றால் நகைச்சுவை பிடிபடுதல், 'ஐ ஹேவ் காட் டு கோ' என்றால் நான் போயாக வேண்டும், 'ஹீ காட் காட்' என்றால் அவன் அகப்பட்டுக்கொண்டான். (கடைசி எடுத்துக்காட்டைத் தமிழில் எழுதும்போது இரண்டு சொற்களும் ஒன்றுபோலத் தெரிவதற்கு நான் பொறுப்பல்ல; ஆங்கிலத்தில் அவை வேறு வேறு சொற்கள்.)

எனக்கு இரண்டு ஐயங்கள் உண்டு. வரலாற்றில் இவை ஒரே சொல்லா, அல்லது ஒலி ஒன்றாகிப்போன பல சொற்களா? ஒரே சொல்தான் என்றால், இத்தனை பொருள்களுக்கும் அடியில் ஓடும் பொதுக்கருத்து எது? தெரிந்தவர்கள் விளக்கினால் பயனாக இருக்கும்.

வடகடல் எழுதியது:

நாணல் அவர்களின் முதல் கேள்விக்கு விடை எளிது: ஒரே சொல்தான். ஆனால் அது இங்கிலாந்தின் பழைய ஆங்கிலத்திலிருந்து நேராக வந்த சொல் அன்று. கடல் கடந்து வந்த சொல்.

793 ஆம் ஆண்டில் லிண்டிஸ்பார்ன் தீவின் மடத்தைத் தாக்கியதில் தொடங்கி, வைக்கிங்குகள் எனப்படும் ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் முதலில் கொள்ளையிட்டார்கள். 865 இல் பெரும்படையுடன் வந்து இறங்கியபின் நிலம் பிடித்துக் குடியும் அமர்ந்தார்கள். இன்றைக்கும் டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று 'பி' என முடியும் ஊர்ப்பெயர்கள் அந்தப் பகுதியில் நிறைந்திருப்பது அவர்கள் விட்டுச்சென்ற தடம். 'பி' என்றால் அவர்கள் மொழியில் ஊர். வந்தவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியும் உள்ளூர் ஆங்கிலமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள் என்பதால், அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஓரளவு ஒருவரையொருவர் புரிந்துகொண்டே பேசியிருப்பார்கள். சொற்கள் கலந்ததும் அந்தப் பேச்சில்தான். 'டேக்', 'கால்', 'வாண்ட்' போன்ற அன்றாட வினைகள் மட்டுமல்லாமல் 'தே', 'தெம்' என்னும் சுட்டுப்பெயர்கள்கூட நார்ஸிலிருந்து வந்தவையே. ஒரு மொழி வேற்று மொழியிடமிருந்து பெயர்ச்சொல் கடன் வாங்குவது வழக்கம்; 'அவர்கள்' என்ற சொல்லையே கடன் வாங்குவது அரிது.

'கெட்' என்பதற்கு மூலம் நார்ஸின் 'கெத்தா' என்னும் வினை. அடைதல், ஈனுதல், ஊகித்தல் ஆகிய மூன்று பொருள்களும் அதற்கு இருந்தன. சுமார் 1200 ஆம் ஆண்டையொட்டிய ஆங்கில ஏடுகளில் இச்சொல் தனித்து நிற்கத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலும் இதே வேர் இருந்தது. ஆனால் முன்னொட்டோடு சேர்ந்துதான் வந்தது. இன்றைய 'பிகெட்' (ஈனுதல்), 'ஃபர்கெட்' (மறத்தல்) ஆகியவற்றின் முன்னோர்கள் அங்கே உண்டு. உணர்ந்தறிதல் என்னும் பொருள் கொண்ட 'ஒன்யியெட்டன்' என்ற வினையும் உண்டு. தனி 'கெட்' மட்டும் இல்லை. ஜெர்மன் மொழியிலும் நிலைமை இதுவே: மறத்தலுக்கு 'ஃபெர்கெஸ்ஸன்' இருக்கிறது, அதன் பின்பாதி மட்டும் தனியே வழங்குவதில்லை.

கடன் வாங்கியதற்குச் சான்று என்ன என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். பழைய ஆங்கிலத்தில் இகர, எகர உயிர்களுக்கு முன்னால் வந்த ககர ஒலி மென்மையாகி யகரமாக மாறிவிட்டது. ஜெர்மனில் மஞ்சளுக்கு 'கெல்ப்', நேற்றுக்கு 'கெஸ்டெர்ன்' என்று இருக்க, ஆங்கிலத்தில் 'யெல்லோ', 'யெஸ்டர்டே' என்று இருப்பது இதனால்தான். அந்த விதி முழுமையாக இயங்கியிருந்தால் 'கெட்' இன்று 'யெட்' என்றும், 'கிவ்' என்பது 'யிவ்' என்றும் ஒலித்திருக்க வேண்டும். 14 ஆம் நூற்றாண்டின் இலண்டன் கவிஞர் சாசர் கொடுத்தலை 'யேவ்' என்றும், மறத்தலை 'ஃபொர்யெட்' என்றும் எழுதினார். அதாவது உள்நாட்டு யகர வடிவங்கள் அதுவரை தெற்கில் உயிரோடு இருந்தன. வடக்கிலிருந்து இறங்கிவந்த நார்ஸ் ககரம் கடைசியில் அவற்றை வென்றது. 'கெட்' என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நாம் ஒலிப்பது வைக்கிங்குகளின் ககரம்.

மருதன் எழுதியது:

வடகடல் ஐயா சொல்வது ஐரோப்பிய அறிஞர்கள் வகுத்த பாதை. நாம் ஏன் நம் வீட்டு வாசலைப் பார்க்கக் கூடாது? தமிழில் 'கிட்டு' என்னும் வினை இருக்கிறது: 'எனக்கு வேலை கிட்டியது', 'கிட்ட வா'. மலையாளத்தில் 'கிட்டி' என்றால் கிடைத்தது, அன்றாடப் பேச்சு. அடைதல், நெருங்குதல் ஆகிய இரு பொருளும் 'கெட்' என்பதிலும் இருக்கின்றன. ஒலியும் ஏறத்தாழ அதுவே. பெறுதல், சேர்தல் இரண்டுக்கும் ஒரே சொல், அதுவும் ஒரே ஒலியில் இரு மொழிகளிலும் அமைவது தற்செயலா?

இடையினம் எழுதியது:

மருதன் அவர்களே, 'கிட்டு' என்பதன் பொருள்வளத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. அது திராவிட மொழிகளில் ஆழ வேரூன்றிய சொல். தெலுங்கிலும் அதன் உறவுகள் உண்டு. ஆனால் 'கெட்' என்பதன் இன்றைய ஒலியை இன்றைய தமிழ்ச் சொல்லோடு ஒப்பிடுவதில் பயனில்லை. இரண்டையும் அவற்றின் பழைய வடிவத்துக்குக் கொண்டுபோய்த்தான் ஒப்பிட வேண்டும்.

ஆங்கிலம், ஜெர்மன், நார்ஸ் முதலிய ஜெர்மானிய மொழிகள், இலத்தீனும் கிரேக்கமும் அடங்கிய இந்தோ-ஐரோப்பிய இனத்திலிருந்து பிரிந்தபோது அவற்றின் மெய்யொலிகள் ஒழுங்காக இடம் பெயர்ந்தன. 1822 இல் யாக்கோப் கிரிம் இதை முறைப்படுத்தி எழுதினார். பழைய தகரத்தின் ஒலிப்புடைய வடிவம் ஜெர்மானியத்தில் டகரமாக வல்லொலி பெற்றது. ஆகவே இலத்தீனில் பத்து 'தெக்கெம்', ஆங்கிலத்தில் 'டென்'. இந்தியில் வீட்டைக் குறிக்கும் சொல்லின் முதலில் கேட்பது போன்ற, மூச்சொலி கலந்த பழைய ககரம், ஜெர்மானியத்தில் மூச்சை இழந்து வெறும் ககரமாயிற்று; இலத்தீனில் ககரத்தை இழந்து வெறும் ஹகரமாயிற்று. ஆட்டுக்குட்டிக்கு இலத்தீனில் 'ஹைதுஸ்'; ஆங்கிலத்தில் ஆட்டுக்கு 'கோட்'. முதலொலியும் ஈற்றொலியும் விதிப்படி பொருந்துவதைப் பாருங்கள். இப்போது 'கெட்' என்பதை எடுத்துக்கொண்டால், இலத்தீனில் அதன் உறவு ஹகரத்தில் தொடங்கித் தகரத்தைக் கொண்டிருக்க வேண்டும். அப்படியே இருக்கிறது: பற்றுதல் என்னும் பொருளுடைய 'ப்ரெஹெந்தெரெ'. முன்னொட்டைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 'ஹெந்து', நடுவில் ஒரு மெல்லொலி செருகப்பட்ட வடிவம். கிரேக்கத்தில் இதே வேரிலிருந்து கொள்ளுதல், அடக்கிவைத்தல் என்னும் பொருளில் 'கந்தனோ' வந்தது.

ஆக, ஆங்கிலத்தில் இந்த ஒரு வேர் இரண்டு வாசல் வழியாக நுழைந்திருக்கிறது. நார்ஸ் வாசல் வழியே 'கெட்'. இலத்தீன், பிரெஞ்சு வாசல் வழியே 'காம்ப்ரிஹெண்ட்', 'அப்ரிஹெண்ட்', 'சர்ப்ரைஸ்', ஏன், 'பிரிசன்' கூட. பிடித்து அடைப்பதுதானே சிறை!

'கிட்டு' இந்த வலையில் எந்தக் கண்ணியிலும் பொருந்தவில்லை. அதன் நடுவில் உள்ளது நாவை வளைத்து ஒலிக்கும் இரட்டை டகரம். 'கெட்' என்பதன் டகரமோ முன்பு வேறொன்றாக இருந்து மாறியது. ஒலியும் பொருளும் ஒத்திருப்பது மட்டும் உறவைக் காட்டாது என்பதற்கு ஐரோப்பாவிலேயே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. ஆங்கில 'ஹேவ்', இலத்தீன் 'ஹபேரெ' இரண்டுக்கும் பொருள் உடைமை; ஒலியும் ஒன்றுபோலவே இருக்கிறது; இரண்டும் ஒரே மொழிக்குடும்பம் வேறு. இருந்தும் அவை ஒரே வேரில் பிறந்தவை அல்ல. 'ஹேவ்' என்பதன் உண்மையான இலத்தீன் உடன்பிறப்பு, பிடித்தல் என்னும் பொருளுடைய 'கபெரெ'. ஒரே குடும்பத்துக்குள்ளேயே தோற்றம் இப்படி ஏமாற்றும்போது, இரு வேறு குடும்பங்களுக்கு நடுவே எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

மட்டுறுத்துநர் குறிப்பு:

உலக மொழிகளுக்கெல்லாம் மூலமொழி எது என்னும் விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே 'கெட்' என்பதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கரும்பலகை எழுதியது:

நாணல் அவர்களின் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் நான் வருகிறேன். பல ஆண்டுகளாக ஆங்கில இலக்கணம் நடத்துபவள் என்ற முறையில், மாணவர்களைக் குழப்புவது இச்சொல்லின் பிறப்பைக் காட்டிலும் அதன் நடத்தைதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

'கெட்' என்பதன் பொருள்களை வரிசையாக மனப்பாடம் செய்வது வீண். ஒரு நிலையில் இல்லாதிருந்து அந்த நிலைக்கு வந்து சேர்தல் என்பதே அதன் உட்கரு. சேருமிடம் ஒரு பொருளாக இருந்தால் தமிழில் 'பெறு' என்கிறோம். இடமாக இருந்தால் 'போய்ச் சேர்', பண்பாக இருந்தால் 'ஆகு'. 'கெட் ஓல்ட்' என்றால் வயதாகுதல். வேறொருவர் செய்த செயலுக்கு உள்ளாவதாக இருந்தால் 'படு', 'மாட்டிக்கொள்' என்று தமிழ் வேறு வேறு வினைகளைத் தேடுகிறது. ஆங்கிலம் எல்லா இடத்திலும் ஒரே வினையை வைத்துச் சமாளித்துவிடுகிறது. வரலாற்று வரிசையும் ஏறத்தாழ இதுவே: முதலில் பொருளைப் பெறுதல், பிறகு இடத்தை அடைதல், அதன்பின் ஒரு நிலையை அடைதல், அதிலிருந்து 17 ஆம் நூற்றாண்டளவில் செயப்பாட்டுவினை.

இந்தச் செயப்பாட்டுவினையைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். 'தே வேர் மேரிட் இன் மே' என்பதும் 'தே காட் மேரிட் இன் மே' என்பதும் ஒன்றா? முதல் தொடருக்கு இரு பொருள் உண்டு: மே மாதத்தில் அவர்களுக்குத் திருமணம் நடந்தது என்றும் கொள்ளலாம், மே மாதத்தில் அவர்கள் ஏற்கெனவே மணமானவர்களாக இருந்தார்கள் என்றும் கொள்ளலாம். இரண்டாம் தொடருக்கு ஒரே பொருள்தான்; திருமணம் நடந்தது மே மாதத்தில். 'வாஸ்', 'வேர்' நிலையையும் நிகழ்ச்சியையும் வேறுபடுத்தாமல் குழைத்துவிடுகின்றன. 'காட்' நிகழ்ச்சியை மட்டும் பிரித்துக் காட்டுகிறது. அதனால்தான் பேச்சு ஆங்கிலம் இதை விரும்புகிறது. 'கெட்' வந்தாலே சிவப்பு மை தீட்டும் பழைய ஆசிரியர் மரபில் நானும் படித்தேன். விண்ணப்பக் கடிதத்தில் அளவோடு பயன்படுத்தச் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் இதை வெறும் கொச்சை என்று ஒதுக்கினால் ஒரு நுட்பத்தை இழப்போம்.

நம்மவர்களுக்கு மிகுதியாக இடறும் இடம் இன்னொன்று. 'நேற்று முடி வெட்டினேன்' என்று தமிழில் சொன்னால், முடிதிருத்தகத்துக்குப் போய் வந்தேன் என்றே யாரும் புரிந்துகொள்வார்கள். அதை அப்படியே ஆங்கிலமாக்கி 'ஐ கட் மை ஹேர்' என்றால், கண்ணாடி முன் நின்று தானே கத்தரித்துக்கொண்டதாகப் பொருளாகும். 'ஐ காட் மை ஹேர் கட்' என்பதுதான் வழக்கு. வண்டி பழுதுபார்த்தல், சட்டை தைத்தல், வீட்டுக்கு வெள்ளையடித்தல் எல்லாவற்றுக்கும் இதே கதை.

ஓர் ஆளை இசைய வைத்துச் செய்விக்கும்போது 'ஐ காட் ஹிம் டு சைன்' என்று 'டு' சேர்கிறது. 'மேக்' என்ற வினைக்கு அது சேர்வதில்லை. 'மேட் ஹிம் சைன்' என்றால் கட்டாயம். 'காட் ஹிம் டு சைன்' என்றால் பேசிப் பேசிக் கையெழுத்து வரை கொண்டுவந்தேன் என்ற சாயல். சேருமிடத்தைச் சுட்டும் பழைய கரு இங்கேயும் எட்டிப் பார்ப்பதாகவே நான் கருதுகிறேன்.

நிரல் எழுதியது:

கணினித் துறையிலிருந்து ஒரு சிறு துணுக்கு. 1991 இல் டிம் பெர்னர்ஸ் லீ வடிவமைத்த வலைநெறிமுறையின் (எச்டிடிபி) முதல் பதிப்பில் இருந்த ஒரே கட்டளை 'கெட்'. 'போஸ்ட்' முதலியவை பின்னால் வந்தவை. ஒரு பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் உலாவி வழங்கிக்கு அனுப்பும் முதற்சொல் இன்றும் பெரும்பாலும் அதுதான்.

தொலைதேசம் எழுதியது:

அமெரிக்காவில் வேலை செய்கிறேன். இங்கே எல்லோரும் 'காட்டன்' என்கிறார்கள் (பருத்தியைச் சொல்லவில்லை, 'கெட்' என்பதன் இறந்தகால எச்சத்தைச் சொல்கிறேன்). நான் படித்த பள்ளியில் அப்படி ஒரு வடிவமே கிடையாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். இது அமெரிக்கர்கள் புதிதாக உண்டாக்கியதா?

வடகடல் எழுதியது:

நேர் மாறாக, பழையதைக் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். புதுமை செய்தவர்கள் பிரிட்டனில் இருந்தவர்கள். 'காட்டன்' இங்கிலாந்தில் நெடுங்காலம் வழங்கிய வடிவம். அங்கிருந்து குடியேறியவர்களோடு அட்லாண்டிக்கைக் கடந்தது. பிறகு பிரிட்டனின் பொதுவழக்கு அதைச் சுருக்கி 'காட்' என்று ஆக்கிக்கொண்டது. ஆனாலும் 'ஃபர்காட்டன்' என்ற சொல்லில் அந்த வால் அங்கேயும் அறுபடவில்லை. மறந்ததை 'ஃபர்காட்' என்று எச்சமாக எந்த ஆங்கிலேயரும் சொல்வதில்லை அல்லவா?

வடிவத்தைக் காத்ததோடு அமெரிக்கர்கள் அதற்கு ஒரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். 'ஐ ஹாவ் காட் எ கார்' என்றால் அவர்கள் வழக்கில் என்னிடம் கார் இருக்கிறது. 'ஐ ஹாவ் காட்டன் எ கார்' என்றால் கார் வாங்கிவிட்டேன். 'காட் டு கோ' என்றால் போயாக வேண்டும். 'காட்டன் டு கோ' என்றால் போகும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. பிரிட்டன் வழக்கில் இந்த வேறுபாட்டை இடம் பார்த்துத்தான் உணர வேண்டும்.

1611 ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் இறந்தகாலத்துக்கு 'கேட்' என்ற இன்னும் பழைய வடிவமும் இருக்கிறது. ஆபிரகாம் அதிகாலையில் எழுந்தான் என்னுமிடத்தில் 'கேட் அப்' என்றே வரும். அதே நூலில் ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில் ஏவாள் தன் தலைமகனைக் குறித்துச் சொல்லும்போது 'காட்டன்' வருகிறது.

மருதன் எழுதியது:

'கிட்டு' பற்றிய என் கருத்தை வேறு இழையில் தொடர்கிறேன். ஆனால் வடகடல் ஐயா குறிப்பிட்ட ஆதியாகம வரி இந்த இழைக்கே உரியது என்பதால் எழுதுகிறேன். நம் தமிழ் விவிலியத்தில் அந்த இடம், அவள் 'காயீனைப் பெற்று, கர்த்தரால் ஒரு மனுஷனைப் பெற்றேன் என்றாள்' என்று இருக்கிறது. ஈன்றதற்கும் 'பெற்று', அடைந்ததற்கும் 'பெற்றேன்'. ஆங்கிலம் இவ்விடத்தில் ஈனுதலுக்கு ஒரு வினையும் அடைதலுக்கு 'காட்டன்' என்பதுமாக இரண்டு வினை வைத்திருக்க, தமிழுக்கு ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது.

மத்தேயுவின் முதல் அதிகார வம்ச வரலாற்றையும் பாருங்கள். ஆங்கிலத்தில் 'பிகேட்', 'பிகேட்' என்று வரிசையாக அடுக்கும் இடத்தில் தமிழில் 'ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்; ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான்' என்று வருகிறது. தந்தை பெற்றான் என்பது இன்றைய காதுக்குச் சற்று விந்தையாகத் தோன்றலாம். ஆனால் 'பெற்றோர்' என்ற சொல்லில் தந்தையும் அடக்கம்தானே? வள்ளுவரும் 'பெறுமவற்றுள்' என்று தொடங்கி 'மக்கட்பேறு' என்று முடிச்சுப் போடுகிறார். உறவில்லாத இரு மொழிகள் அடைதலையும் ஈனுதலையும் ஒரே வேரில் கட்டியிருப்பதை என்னவென்று சொல்வீர்கள்?

இடையினம் எழுதியது:

இது அருமையான ஒப்பீடு. இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒலியுறவு வேறு, பொருள் நகரும் பாதை வேறு. மக்களைச் செல்வமாகக் கருதும் சமூகம் எதுவாயினும் அடைதலிலிருந்து ஈனுதலுக்கு அதன் சொல் நகர்வது இயல்பு. அதற்கு ஒருவர் மற்றவரிடம் கடன் வாங்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: 'பிகெட்' பழைய ஆங்கிலத்தில் பொதுவாக அடைதலையே குறித்தது. நார்ஸிலிருந்து தனி 'கெட்' வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, உள்ளூர்ச் சொல் மக்கட்பேற்றுக்குள் ஒடுங்கிவிட்டது.

நாணல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வடகடல் அவர்கள் முதலில் நார்ஸ் வினைக்கு ஊகித்தல் என்னும் பொருளும் இருந்ததாக எழுதினார். ஆங்கிலத்தில் அது முற்றிலும் மறைந்துவிட்டதா?

வடகடல் எழுதியது:

'கெட்' என்னும் வடிவத்தில் மறைந்துவிட்டது. உறவுச் சொல்லில் தங்கியிருக்கிறது. ஊகித்தலைக் குறிக்கும் 'கெஸ்' இதே வேரைச் சேர்ந்தது. நடுக்கால ஆங்கிலத்தில், வடகடலோர மொழிகளின் செல்வாக்கில் வந்தது. ஊகம் என்பது மனத்தால் எட்டிப் பிடிப்பது. இலத்தீன் வழியே வந்த 'காம்ப்ரிஹெண்ட்' புரிதலைக் குறிப்பதும், கரும்பலகை அம்மா விட்டுவிட்ட 'கெட் த ஜோக்' நகைச்சுவை பிடிபடுவதைக் குறிப்பதும் அதே எண்ணத்தின் வேறு வேறு கிளைகள். ஆனால் 'ஐ கெட் இட்' என்பதைப் பழைய ஆங்கில 'ஒன்யியெட்டன்' என்பதன் நேர் வாரிசு என்று எண்ணிவிடக் கூடாது. நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது, இன்றைய வழக்கு அண்மைக்காலத்தது.

நார்ஸின் நேரடி வழித்தோன்றலான ஐஸ்லாந்து மொழியில் 'கெத்தா' இன்றும் அன்றாட வினை. அங்கே அது ஊகித்தலையும் குறிக்கும். விடுகதைக்கு அவர்கள் சொல்லும் 'கௌத்தா' என்ற பெயரும் அதிலிருந்து பிறந்தது. ஆனால் தன்மையில் அந்த வினையைச் சொன்னால், அதாவது 'யெக் கெத்' என்றால், ஐஸ்லாந்துக்காரர் முதலில் புரிந்துகொள்வது 'என்னால் முடியும்' என்பதே. எட்டுதல் ஆங்கிலத்தில் பெறுதலாகவும் ஆகுதலாகவும் கிளைத்தது. அங்கே இயலுதலாக நிலைத்துவிட்டது.